அலாஸ்கா மலைச்சரிவுல ஸ்ப்ரூஸ் காட்டுக்கு நடுவுல புதர் பட்டை ஓடுதே, அங்க மட்டும் ஏன் மரம் வரமாட்டேங்குது?

வடக்குவாசி:

வணக்கம் மக்களே. வேலைக்காக ஆங்கரேஜ் வந்து சேந்திருக்கேன், லீவு நாள்ல சீவர்ட் ஹைவேல டர்னகெய்ன் ஆர்ம் ஓரமா வண்டிய எடுத்துட்டுப் போறதுதான் இப்போதைக்கு ஒரே பொழுதுபோக்கு. ஒரு பக்கம் கடல், இந்தப் பக்கம் சூகாச் மலை நேரா எழும்பி நிக்குது. அந்த மலைய அடிலருந்து உச்சி வரைக்கும் பாத்தா அடுக்கடுக்கா பிரிஞ்சிருக்கு. அடில கரும்பச்சையா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக்னு ஊசியிலை மரக் காடு, அதுக்கு மேல வெளிர் பச்சைல அடர்த்தியா புதர், ஒரு ஆள் இல்ல ஒன்றரை ஆள் உயரம் இருக்கும்போல, அதுக்கும் மேல முழங்கால் உயரத்துக்குக் கீழ ஏதோ படர்ந்து கெடக்கு, அப்புறம் வெறும் பாறை. மேல போகப் போக குளிரு ஜாஸ்தி, மரம் கம்மியாகும்னு ஸ்கூல்லயே படிச்சாச்சு, அதுல பிரச்சினை இல்ல.

கொழப்பம் என்னன்னா அந்த வெளிர் பச்சைப் புதர் மேலயே நிக்கல. காட்டக் கிழிச்சுக்கிட்டு நெட்டுக்குத்தா பட்டை பட்டையா ரோடு வரைக்கும் எறங்கி வருது. ரெண்டு பக்கமும் நல்லா வளந்த ஸ்ப்ரூஸ் நிக்குது, நடுவுல மட்டும் புதர். அதே உயரம், அதே குளிரு, அதே மண்ணுதானே? கரண்ட் கம்பி போறதுக்கு மரத்த வெட்டி வழி விட்ட மாதிரி இருக்கு, ஆனா கம்பி எதுவும் காணோம். ஆபீஸ்ல ஒருத்தர் அது ஆல்டர், காடு வர்றதுக்கு முன்னாடி வர்ற செடி, இன்னும் அம்பது வருஷத்துல அங்கயும் ஸ்ப்ரூஸ் வந்துடும்னு சொல்றார். இன்னொருத்தர் அது எப்பவுமே அப்படியேதான் இருக்கும்ங்கறார். ரெண்டு பேருமே இந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்க, யார நம்பறது?

அப்படியே இன்னொன்னு, அந்தப் புதருக்குள்ள பூந்து மேல போயிடலாமா? மேல திறந்தவெளியா ஜாலியா தெரியுது, நடுவுல இருக்கறது கொஞ்ச தூரம்தானே. மேல இருக்கற குட்டைச் செடில பழம் பறிக்கலாம்னும் சொல்றாங்க, எதத் தின்னலாம் எதத் தின்னக்கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜிங்குச்சா:

"கொஞ்ச தூரம்தானே" 😂😂 துண்டு போட்டு உக்காந்துட்டேன், மூட்டைதூக்கி அண்ணன் வந்து இதுக்கு பதில் சொல்றத பாத்துட்டுத்தான் தூங்கப் போவேன்.

தாவரக்கிறுக்கன்:

ப்ரோ, நீங்க பாத்த பட்டை எல்லாம் பனிச்சரிவு எறங்கற தடம். வெட்டி வழி விட்ட மாதிரி இருக்குன்னீங்களே, வெட்டினதுதான், வெட்டினது பனி. குளிர்காலத்துல மேல குடைஞ்ச மாதிரி இருக்கற எடத்துல பனி சேந்து சேந்து ஒரு கட்டத்துல மொத்தமா வழுக்கி எறங்கும், அந்தப் பாதைல வெறைப்பா நிமிந்து நிக்கற எதுவும் தப்பாது. ஸ்ப்ரூஸ் கன்னா இருக்கற வரைக்கும் வளைஞ்சு குடுக்கும், தண்டு தடிச்சதும் அதுக்கு வளையத் தெரியாது, ஒடியும் இல்லேன்னா வேரோட போகும், ஒடிஞ்ச ஸ்ப்ரூஸ் அடிக்கட்டைலருந்து மறுபடி துளிர்க்கவும் செய்யாது. அதனால பனிச்சரிவு கொஞ்ச வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டே இருந்தா போதும், அந்தத் தடத்துல ஸ்ப்ரூஸ் எப்பவும் கன்னுக்குட்டி வயச தாண்டாது.

இப்போ ஆல்டருக்கு வருவோம். அந்தச் சரிவுல இருக்கறது சிட்கா ஆல்டர், பர்ச் குடும்பத்துச் செடி. ஒத்தைத் தண்டா வளராது, ஒரு தூர்லருந்து பல தண்டு கெளம்பும், எல்லாத் தண்டும் முதல்ல சரிவோட கீழ்ப்பக்கமா படுத்து அப்புறமா மேல திரும்பும். குளிர்காலத்துல பனி ஏற ஏற அந்தத் தண்டெல்லாம் தரையோட அமுங்கிடும், மேல பனி மூடிடும், பனிச்சரிவு அதுக்கு மேலயே போயிடும். வசந்தத்துல பனி உருகினதும் அமுங்கினது எல்லாம் எந்திரிச்சு எல விடும். நாலு தண்டு ஒடிஞ்சா தூர்லருந்து எட்டு வரும். தண்டு தரைல பட்டு அங்கயே வேர் விடறதும் உண்டு. அதாவது மத்த மரத்த கொல்ற அதே பனிச்சரிவுதான் ஆல்டருக்கு போட்டியே இல்லாம வெயிலு படற எடத்த காலி பண்ணிக் குடுக்குது.

நீங்க அடுத்த தடவை போகும்போது பட்டையோட ஓரத்துல நிக்கற ஸ்ப்ரூஸ கவனிங்க, மேட்டுப் பக்கம் இருக்கற கெளையெல்லாம் உரிஞ்சு போய் கீழ்ப்பக்கம் மட்டும் கெளை இருக்கும், மரத்தோல் உரிஞ்ச தழும்பும் இருக்கும். அது இருந்தா பனிச்சரிவுத் தடம்னு அடிச்சுச் சொல்லலாம். பட்டை எங்க ஆரம்பிக்குதுன்னும் மேல பாருங்க, பெரும்பாலும் ஒரு கிண்ணமான எடத்துல கெளம்பி கீழ வந்து விசிறி மாதிரி விரியும்.

மேல மலைய சுத்திப் போற அந்தப் புதர் அடுக்குக்கு காரணம் கொஞ்சம் வேற. மரம் வளரணும்னா வருஷத்துல ரொம்ப சூடான மாசத்தோட சராசரியாவது ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் இருக்கணும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, கடல் ஓரமா இருக்கறதால அந்த ஊர்ல கோடைய கோடைன்னே சொல்ல முடியாது, அதோட பனி ஏகத்துக்கும் விழுந்து ஜூன் வரைக்கும் கெடக்கும். ஊட்டில 2200 மீட்டருக்கு மேல சோலைக்காடு நிக்குது, ஆங்கரேஜ் 61 டிகிரி வடக்குல இருக்கு, அங்க சுமார் ஐநூறு அறுநூறு மீட்டர்லயே மரக்கூட்டம் முடிஞ்சிடும். அந்த எல்லைலருந்து ஆல்டர் ஆரம்பிக்குது, அதுவும் எல்லா எடத்துலயும் இல்ல, பனி நல்லா தேங்கி ஈரம் காக்கற சரிவுல, ஓடைக் கரைல. காத்து அடிச்சு பனிய வழிச்சுட்டுப் போற முகட்டுல ஆல்டர தேடினாலும் கெடைக்காது, அங்கெல்லாம் குட்டைச் செடிதான்.

குட்டைச் செடி ஏன் குட்டையா இருக்குன்னு கேட்டா, பனி எவ்வளவு உயரத்துக்கு மூடுதோ அவ்வளவுதான் வளர முடியும். அதுக்கு மேல தலைய நீட்டினா குளிர்காலக் காத்து பனித்துகள அள்ளிட்டு வந்து மொட்ட சிராய்ச்சு எடுத்துடும், காய வெச்சும் கொன்னுடும். ட்வார்ஃப் பர்ச், வில்லோ வகைகள், புளூபெர்ரி, குரோபெர்ரி, லாப்ரடார் டீ எல்லாம் அந்தக் கூட்டம். வில்லோல சிலது விரக்கடை உயரம்கூட வராது, ஆனா அதுவும் கட்டையுள்ள புதர்தான். லாப்ரடார் டீ ரோடோடெண்ட்ரான் இனம், நம்ம நீலகிரில செகப்பா பூக்கற காட்டுப்பூவரசுக்கு சொந்தக்காரன்.

சவுக்குத்தோப்பு:

மேல சொன்னதுல ஒரு முக்கியமான சமாச்சாரம் விட்டுப்போச்சு, தழைச்சத்து, அதான் நைட்ரஜன். ஆல்டர் அந்த மொட்டை மண்ணுல வாழறதுக்கு பாதிக் காரணம் அதோட வேர்ல இருக்கு. ஓடை அரிச்ச கரைல வேர் வெளிய தெரிஞ்சா பாருங்க, ஆரஞ்சு பழுப்பு நெறத்துல பவளம் மாதிரி கொத்துக் கொத்தா முடிச்சு இருக்கும். அதுக்குள்ள ஃப்ராங்கியான்னு ஒரு பாக்டீரியா குடியிருக்கு, காத்துல இருக்கற நைட்ரஜன எடுத்து செடிக்கு குடுக்கும், செடி பதிலுக்கு சர்க்கரை குடுக்கும்.

நம்ம ஊர்ல பயறு, கொளுஞ்சி, அகத்தி இதெல்லாம் செய்யற வேலைதான், ஆனா அதுல இருக்கற பாக்டீரியா ரைசோபியம், வேற குலம். ஃப்ராங்கியா நம்ம ஊர்ல எங்க இருக்குன்னா சவுக்குல. என் பேரே அதான் 😄 கடலூர் பக்கம் மணல்ல ஒண்ணுமே வெளையாத எடத்துல சவுக்கு தளதளன்னு நிக்கறதுக்கு இந்த முடிச்சும் ஒரு காரணம். சவுக்குக்கும் ஆல்டருக்கும் நடுவுல எவ்வளவு தூரம், ஆனா அடில ஒரே கூட்டாளி.

இதோட விளைவு ஒண்ணு இருக்கு. நைட்ரஜன் தாராளமா கெடைக்கறதால ஆல்டர் எலைய உதுக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கறத உள்ள இழுத்துக்க பெருசா மெனக்கெடறது இல்ல. பச்சையாவே உதிர்த்துடும். அந்த எல மக்கினா மண்ணுக்கு நேரடி உரம். கெனாய் தீபகற்பத்துல ஆல்டர் நெறைய இருக்கற சரிவுலருந்து வர்ற ஓடைல நைட்ரேட் கூடுதலா இருக்குன்னு அளந்து பாத்திருக்காங்க, சால்மன் குஞ்சு வளர்ற ஓடை அதெல்லாம். மலைல ஒரு புதர் எல உதுக்கறதுக்கும் ஆத்துல மீனுக்கும் சம்பந்தம் இருக்கு பாத்தீங்களா.

நம்ம நாட்டுலயே இத வெவசாயத்துக்கு பயன்படுத்தறாங்க, நாகாலாந்துல கொனோமா கிராமத்துல அங்காமி மக்கள் காட்ட எரிச்சு வெள்ளாமை பண்ற நெலத்துல இமயமலை ஆல்டர் மரத்த மட்டும் வேரோட எடுக்காம தலைய வெட்டி விட்டு வெச்சுப்பாங்க, மண்ணு சீக்கிரம் தேறும்னு. தலைமுறை தலைமுறையா பண்றது.

வாத்தியார்67:

நண்பர்களே, ஆபீஸ்ல முதலாமவர் சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். "காடு வர்றதுக்கு முன்னாடி வர்ற செடி"ங்கறது அலாஸ்காவுலயே பொறந்த பாடம், கிளேசியர் பேங்கற வளைகுடாவுல. 1794-ல வான்கூவர்ங்கற பிரிட்டிஷ் மாலுமியோட கப்பல்காரங்க அங்க போனப்ப வளைகுடாவே கெடையாது, வாசல்லயே பனிப்பாறைச் சுவர். 1879-ல ஜான் மியூர்னு ஒரு இயற்கை ஆய்வாளர் போறப்ப பனி அறுபது எழுபது கிலோமீட்டர் உள்ள போயிருந்தது. இன்னிக்கு சுமார் 100 கிலோமீட்டர். ஆக வாசல்ல இருக்கற நெலம் இருநூறு வருஷத்துக்கு மேல வெயில் பாத்தது, உள்ள இருக்கற நெலம் நேத்து பொறந்தது, ஒரு படகுல போனா காலத்த பின்னோக்கிப் பாக்கலாம்.

வில்லியம் கூப்பர்னு ஒரு தாவர ஆய்வாளர் 1916-ல போய் சின்னச் சின்ன சதுரமா எடம் குறிச்சு ஒவ்வொரு செடியையும் வரைஞ்சு வெச்சார், மறுபடி மறுபடி போய் அதே சதுரத்த பாத்தார். அவர் ஆளுங்க எல்லாம் போராடினதுல 1925-ல அந்த எடத்தையே தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க. அவங்க சொன்ன வரிசை இதுதான். முதல்ல கல்லும் மண்ணும், அதுல கறுப்பா ஒரு பாசிப் படலம், அப்புறம் ட்ரையாஸ்னு தரையோட பாய் விரிக்கற மஞ்சப்பூ செடி, அதுக்கும் வேர்ல ஃப்ராங்கியா உண்டு, அப்புறம் ஆல்டர், பிறகு காட்டன்வுட் மரம், கடைசியா சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக். 1955-ல கிராக்கர், மேஜர்னு ரெண்டு பேர் மண்ண சோதிச்சு எழுதினாங்க, பனி விலகினப்ப பிஎச் சுமார் 8 இருந்த மண்ணு ஆல்டர் அடில சில பத்தாண்டுக்குள்ள 5 பக்கம் எறங்கிடுது, நைட்ரஜனும் ஏறிடுது. ஆல்டர் தயார் பண்ணின மெத்தைல ஸ்ப்ரூஸ் வந்து படுக்குது, இதுதான் பாடபுத்தகம். அதனால அம்பது வருஷத்துல இல்லாட்டியும் நூறு வருஷத்துல காடு வரும்னு சொல்றதுக்கு ஆதாரம் உண்டு.

ராஜி_ஃபேர்பேங்க்ஸ்:

சார், உங்க மேல மரியாதையோட சொல்றேன், அந்தப் பாடபுத்தகத்த அப்படியே தூக்கிட்டு வந்து டர்னகெய்ன் ஆர்ம் சரிவுல வைக்கக்கூடாது. கிளேசியர் பேயிலயே அந்தக் கதை முழுசா நிக்கல. 1995-ல ஃபாஸ்டின்னு ஒருத்தர் வளைகுடா நெடுக மரத்தோட வளையத்த எண்ணிப் பாத்தார். உள்ள இருக்கற இளசான எடங்கள்லதான் நீண்ட காலம் ஆல்டர் காடு இருந்திருக்கு, வாசல் பக்கம் இருக்கற பழைய எடங்கள்ல அப்படி ஆல்டர் கட்டமே வராம ஸ்ப்ரூஸ் ஆரம்பத்துலயே வந்திருக்கு. அதாவது நாம ஒரே வரிசைன்னு நெனச்சது பக்கத்து பக்கத்துல நடந்த வேற வேற கதைகள். விதை எவ்வளவு தூரத்துலருந்து வரணும்ங்கறதெல்லாம் அதுல சேரும்.

அடுத்தது, ஆல்டர் ஸ்ப்ரூஸுக்கு மெத்தை மட்டும் போடறது இல்ல. அதுக்கு முந்தின வருஷம் சேப்பின் குழு கன்னு நட்டு, விதை போட்டு சோதிச்சதுல ரெண்டுமே தெரிஞ்சுது, மண்ணுல சத்து கூடறது நல்லது, ஆனா நெழல், எலக்குப்பை, வேர்ப் போட்டி, விதையத் தின்ற எலி இதெல்லாம் கன்னு வர்றத தடுக்குது. அடர்த்தியா ஆல்டர் மூடின எடத்துல குனிஞ்சு தரையப் பாருங்க, ஸ்ப்ரூஸ் கன்னு அபூர்வம். அதோட இங்க பனிச்சரிவும் வந்துட்டே இருந்தா எந்த நூறு வருஷம்? பனிச்சரிவு நிக்கற வரைக்கும் ஆல்டர் நிக்கும். ஆபீஸ்ல ரெண்டாவது ஆள் சொன்னதுதான் அந்தப் பட்டைகளுக்குப் பொருந்தும். முதல் ஆள் சொன்னது பனி விலகின மொட்டைத் தரைக்குப் பொருந்தும், அதுவும் சில எடத்துக்கு.

ஆனா எப்பவுமே அப்படியேதான் இருக்கும்ங்கறதும் முழுசா சரியில்ல, ஏன்னா புதர் அடுக்கே நகருது. வடக்க ப்ரூக்ஸ் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஆர்க்டிக் கடல் வரைக்கும் இருக்கற எடத்த 1940-கள் கடைசில அமெரிக்க கடற்படை எண்ணெய் தேடறதுக்காக விமானத்துலருந்து படம் புடிச்சு வெச்சிருந்தது. ஸ்டர்ம், ரசீன், டேப்னு மூணு பேர் அதே எடத்துக்கு 1999, 2000-ல போய் அதே கோணத்துல படம் எடுத்து ஒப்பிட்டு 2001-ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல போட்டாங்க. பழைய படத்துல புள்ளி புள்ளியா இருந்த ஆல்டர் புதுப் படத்துல கூட்டமா இருக்கு, காலியா இருந்த சரிவுல புதுசா வந்திருக்கு, வில்லோவும் ட்வார்ஃப் பர்ச்சும்கூட. அந்த ஜோடிப் படங்கள ஒரு தடவை பாத்தா மறக்கமாட்டீங்க, வரைபடம் கிராஃப் எதுவும் தேவையில்ல.

அது ஏன் நிக்காம போயிட்டே இருக்குங்கறதுக்கு அவங்க சொல்ற ஒரு சங்கிலி எனக்கு ரொம்பப் புடிக்கும். புதர் இருந்தா காத்துல ஓடற பனி அதுல மாட்டி தேங்கும், தேங்கின பனிக்கு அடில மண்ணு அவ்வளவா குளிராது, குளிர்காலத்துலயும் நுண்ணுயிர் கொஞ்சம் வேலை செய்யும், வசந்தத்துல சத்து கூடுதலா கெடைக்கும், அதத் தின்னு புதர் இன்னும் பெருசாகும், இன்னும் பனி தேங்கும். அதோட வெள்ளைப் பனிக்கு மேல கறுப்பா கெளை நீட்டிட்டு இருந்தா வெயில வாங்கி சீக்கிரம் உருக வைக்கும். சத்து கூடினா என்ன ஆகும்னு அதே வடக்குப் பக்கம் இருக்கற டூலிக் ஏரில வருஷக்கணக்கா உரம் போட்டே பாத்துட்டாங்க, பஞ்சுப்புல் கும்பல் கும்பலா இருந்த தரை கடைசில ட்வார்ஃப் பர்ச் காடாயிடுச்சு. சத்து வந்ததும் யாருக்கு அது கெடைக்கும்னா கெளைய வேகமா நீட்டத் தெரிஞ்ச செடிக்கு, பர்ச்சுக்கு அது தெரியும், பக்கத்துல தரையோட ஒட்டி வளர்ற பாசிக்கும் லைக்கனுக்கும் தெரியாது, நெழல்ல செத்துப்போகும். லைக்கன் போனா குளிர்காலத்துல கேரிபுங்கற பனிமானுக்கு சாப்பாடு கொறையும். மூஸ்ங்கற பெரிய மானுக்கு கொண்டாட்டம், பனிக்கு மேல நிக்கற வில்லோ இருந்தாத்தான் அது குளிர்காலத்துல பொழைக்கும், அதனால வில்லோ பின்னாடியே வடக்க போயிடுச்சு.

உங்க சூகாச் பக்கமும் இத அளந்திருக்காங்க, அங்க வேடிக்கை என்னன்னா சூடு மேல ஏறற வேகத்துக்கு புதர் எல்லை ஈடு குடுத்து ஏறுது, மர எல்லை ஈடு குடுக்க முடியாம பின்தங்குது. அதனால அம்பது வருஷம் கழிச்சு நீங்க அதே ரோட்டுல போனா ஸ்ப்ரூஸ் மேல வந்திருக்கறதவிட அந்த ஜாலியான திறந்தவெளி ஆல்டருக்குள்ள மூழ்கியிருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு என் கணிப்பு.

வாத்தியார்67:

ஒத்துக்கறேன் ராஜிம்மா, பனிப்பாறை விட்டுட்டுப் போன கல்மேடு, அதான் மொரெய்ன், அது வேற பனிச்சரிவுத் தடம் வேற. ஆனா பனிச்சரிவு அபூர்வமா வர்ற, விசிறியோட கடைசி ஓரத்துல ஸ்ப்ரூஸ் நுழையறத நீங்களும் பாத்திருப்பீங்க.

ராஜி_ஃபேர்பேங்க்ஸ்:

ஆமா சார், ஓரத்துல உண்டு. அந்த ஓரத்து ஸ்ப்ரூஸோட வயசு கடைசியா பெரிய பனிச்சரிவு எப்போ வந்துச்சுன்னு சொல்லிடும், ரோடு போடறவங்க அதத்தான் எண்ணிப் பாப்பாங்க.

மூட்டைதூக்கி:

இப்பத்தான் பாத்தேன். ஜிங்குச்சா, நீ தூங்கப் போ.

தம்பி வடக்குவாசி, விஞ்ஞானம் எல்லாம் அவங்க சொல்லிட்டாங்க, நடக்கறதப் பத்தி நான் சொல்றேன். பூந்து போயிடலாமான்னு கேட்டா, போகாதீங்க. கீழருந்து பாக்கறப்ப புசுபுசுன்னு இருக்கறது உள்ள போனா கால் அளவு தண்டெல்லாம் இடுப்பு உயரத்துல உங்களப் பாத்து நீட்டிட்டு நிக்கும், ஏன்னா எல்லாம் கீழ்ப்பக்கம் சாஞ்சு வளந்தது, ஏறறவனுக்கு அது முழுக்க எதிர். ஒரு தண்டு மேல கால வெச்சா அது ஊஞ்சல் ஆடும், இன்னொண்ணு மூஞ்சில அடிக்கும், பேக் பின்னாடி மாட்டிக்கும். எறங்கறதும் சுலபம்னு நெனைக்காதீங்க, ஈரமா இருக்கற படுத்த தண்டு மேல வழுக்கிட்டே போய் எங்கயாவது ஒரு கவட்டைல சிக்கி நிப்பீங்க. நல்ல தெம்பான ஆளுங்களே ஒரு கிலோமீட்டருக்கு அரை நாள் எடுத்துக்கறத பாத்திருக்கேன்.

புதர் மட்டும் இல்ல, அதுக்குள்ள கூட்டாளிங்க இருக்காங்க. ஈரமான எடத்துல டெவில்ஸ் கிளப், எல அழகா பெருசா இருக்கும், தண்டு எல நரம்பு எல்லாம் முள்ளு, வழுக்கறப்ப கை தானா போய் அதத்தான் புடிக்கும். திறப்பான எடத்துல கௌ பார்ஸ்னிப், உள்ளூர்ல புஷ்கின்னு சொல்வாங்க, வெள்ளையா குடை குடையா பூத்திருக்கும். அதோட சாறு தோல்ல பட்டு அதுமேல வெயிலும் பட்டா தீக்காயம் மாதிரி கொப்புளம் வரும், தழும்பு ரொம்ப நாள் நிக்கும். அதனால கோடையானாலும் முழுக்கை முழு பேன்ட். பட்டுட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவி வெயில் படாம மூடி வைங்க.

முக்கியமானது கரடி. அந்த மலைல பழுப்புக் கரடி, கறுப்புக் கரடி ரெண்டும் உண்டு. ஆல்டருக்குள்ள ரெண்டு மீட்டருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது, ஓடைச் சத்தத்துல அதுக்கு உங்க சத்தம் கேக்காது. அது தூங்கற எடத்துல நீங்க போய் முட்டினா அது பயந்துபோய் என்ன வேணா பண்ணும். வேற வழியில்லாம கொஞ்ச தூரம் தாண்டணும்னா சத்தமா பேசிட்டே போங்க, பாட்டு பாடுங்க, தமிழ்ப் பாட்டு கரடிக்கும் புரியும், கரடிய விரட்டற ஸ்ப்ரே கைல இருக்கணும், பேக்குக்குள்ள இல்ல.

மேல போகணும்னா வழி இருக்கு. பாதை போட்ட மலையா பாத்துப் போங்க, ஃப்ளாட்டாப், பேர்ட் ரிட்ஜ் எல்லாம் அங்கதான் இருக்கு, பாதை போட்டவன் உங்களுக்காக ஆல்டர வெட்டி வெச்சிருக்கான். இல்லேன்னா காத்து அடிக்கற முகட்டுமேல ஏறுங்க, கிறுக்கன் தம்பி சொன்ன மாதிரி அங்க ஆல்டர் வராது. மேப்புல முகட்டுக்கோட்டப் புடிச்சா பாதிப் பிரச்சினை தீரும். ஓடைக்குழி வழியா ஏறலாம்னு தோணும், அங்கதான் ஆல்டர் ரொம்ப அடர்த்தி. ஹேட்சர் பாஸ் போனா இன்னும் சுலபம், வண்டியே மர எல்லைக்கு மேல போயிடும், எறங்கினா குட்டைச் செடிதான்.

பழம். குரோபெர்ரி கறுப்பா சின்னதா ஊசி மாதிரி எல நடுவுல இருக்கும், தின்னலாம், தண்ணியா இருக்கும். புளூபெர்ரி தெரியும். லோ புஷ் கிரான்பெர்ரின்னு சொல்ற லிங்கன்பெர்ரி செகப்பு, எல தடிப்பா பளபளன்னு பச்சை மாறாம இருக்கும், புளிப்பு, ஒரு உறைபனி விழுந்த பின்னாடி பறிச்சா நல்லாருக்கும், ஊறுகாய் போட்டா அருமை. தொடக்கூடாதது பேன்பெர்ரி, ஆல்டர் நெழல்லயும் காட்டு ஓரத்துலயும் முழங்கால் இடுப்பு உயரத்துக்கு நிக்கும், பளபளன்னு செகப்பா, சில செடில வெள்ளையா, ஒரு காம்புல கொத்தா இருக்கும், வெஷம். குழந்தைங்க கூட வந்தா இத முதல்ல காமிச்சுடுங்க. லாப்ரடார் டீல டீ போடறேன்னு கெளம்பாதீங்க, பாக்க அதே மாதிரி இருக்கற போக் ரோஸ்மேரி வெஷம். எலைய திருப்பிப் பாத்தா லாப்ரடார் டீக்கு அடில துரு நெறத்துல பஞ்சு இருக்கும், மத்ததுக்கு வெள்ளையா வழவழன்னு இருக்கும். அது தெரிஞ்சவன்கூட அளவாத்தான் குடிப்பான்.

வடக்குவாசி:

இவ்வளவு எதிர்பாக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பூந்து போற ஐடியாவ விட்டாச்சு அண்ணா 🙏 நேத்து போனப்ப பட்டையோட ஓரத்துல ஸ்ப்ரூஸப் பாத்தேன், கிறுக்கன் சொன்ன மாதிரியே மேட்டுப் பக்கம் கெளையே இல்ல. ஆனா ஒரு பட்டைல மட்டும் அப்படி எந்த அடையாளமும் இல்ல, ஒடுக்கமா கீழ வரைக்கும் வருது, ஓரத்து மரமெல்லாம் ரெண்டு பக்கமும் கெளையோட முழுசா நிக்குது. அதுவும் பனிச்சரிவா?

இன்னொரு சின்னக் கேள்வி, தூரத்துலருந்து ரோட்டுல நின்னு பாத்தா எது ஆல்டர், எது வில்லோ, எது ட்வார்ஃப் பர்ச்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? எல்லாமே பச்சையா ஒரே மாதிரி தெரியுது.

தாவரக்கிறுக்கன்:

ஒடுக்கமா, ஓரத்து மரத்துல அடி இல்லாம இருந்தா அது தண்ணி கசியற ஓடைத்தடமா இருக்கும். தரை எப்பவும் ஊறிக் கெடக்கும், கரை அடிக்கடி சரியும், ஆல்டருக்கும் வில்லோவுக்கும் அது போதும். அங்க தண்டோட அடி வளைவும் அவ்வளவா இருக்காது.

ராஜி_ஃபேர்பேங்க்ஸ்:

ரெண்டாவது கேள்விக்கு, இப்போ பாக்காதீங்க, ஆகஸ்ட் கடைசி இல்ல செப்டம்பர் முதல் வாரத்துல பாருங்க. ட்வார்ஃப் பர்ச் ரத்தச் செவப்பா ஆரஞ்சா மாறிடும், புளூபெர்ரி இன்னும் கருஞ்செவப்பு, அது ரெண்டும் உயரத்துல குட்டையா இருக்கறது. வில்லோ மஞ்சளாகும். ஆல்டர் மட்டும் சவுக்குத்தோப்பு சொன்ன அதே காரணத்தால நெறமே மாறாம பச்சையாவே நிக்கும், உறைபனி விழுந்ததும் அழுக்குப் பழுப்பா கருகி உதிரும், கலர் பாக்க வந்த டூரிஸ்ட் யாரும் அத படம் எடுக்கமாட்டாங்க. அந்த ரெண்டு வாரத்துல ஒரு தெளிவான நாள் கெடைச்சா ரோட்டுல நின்ன எடத்துலருந்தே மொத்தச் சரிவையும் பிரிச்சுடலாம், பச்சையா மிச்சம் இருக்கற எல உதுக்கற புதர் எல்லாம் ஆல்டர்.

ஜிங்குச்சா:

அண்ணே, ஊறுகாய் ரெசிப்பிய போடுங்க. லிங்கன்பெர்ரிக்கு நல்லெண்ணெயா கடுகெண்ணெயா?

மூட்டைதூக்கி:

நல்லெண்ணெய். வெந்தயத்த வறுத்துப் பொடிச்சு கடைசில போடு, வெல்லம் கொஞ்சம் சேரு, எலுமிச்சை பிழியாத, அந்தப் பழத்துலயே புளிப்பு ஏகத்துக்கும் இருக்கு.